ஸ்டியரிங்கைத் தளர்த்தியது நான்தான்

மாமா,

போன வாரம் அத்தையின் முழங்கால் வலிக்குத் தைலம் வாங்க அம்மாபேட்டை மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். புதிதாக ஒன்று வந்திருக்கிறது என்று கடைக்காரர் மூடியைத் திறந்து நீட்டினார். முகர்ந்த உடனே கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். உங்கள் ரிமோட் காரின் டயருக்கு ஒரு எண்ணெய் பூசுவீர்களே, அதே வாடை. பழைய டூத் பிரஷ்ஷால் நான்கு டயரிலும் பூசி, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துணியால் துடைப்பீர்கள். ரப்பர் இளகித் தரையைப் பிடிக்கும் என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் கூடம் முழுக்க அந்த வாடைதான் இருக்கும். "யாருக்குடா சுளுக்கு?" என்று அத்தை உள்ளேயிருந்து கேட்பார்.

கடைக்காரர் ஸ்டூலை எடுத்துப் போட்டு, "என்னம்மா, சுகர் குறைஞ்சிடுச்சா?" என்றார். இல்லை என்று சொல்லிவிட்டு வேறு தைலம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நீங்கள் போய் ஒன்றே கால் வருடம் ஆகிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் உங்களைப் பற்றிப் பேசிவிட்டேன். உங்கள் பொறுமையைப் பற்றி, ஷார்ஜாவில் நீங்கள் பட்ட பாட்டைப் பற்றி, கடைசி நாட்களைப் பற்றி. ஒன்றை மட்டும் சொல்லவில்லை. நேற்றுவரை அது உங்களுக்கும் எனக்கும் அமீர் அண்ணனுக்கும்தான் தெரியும். அவருக்கும் பாதிதான் தெரியும். அதை முழுதாக எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் ஷார்ஜாவிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது பாப்பாவுக்கு எட்டு வயது. கல்யாணமான பத்து வருடத்தில் நாம் சேர்ந்திருந்த நாட்களைக் கூட்டினால் ஒரு வருடம் தேறாது. வந்த முதல் மாதம் விருந்தாளி மாதிரி இருந்தீர்கள். தாகமாக இருந்தால், "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்பீர்கள். நான் சொம்பை நீட்டினால் "தேங்க்ஸ்" என்பீர்கள். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். ஏசி மாட்டும் கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று போனில் சொன்னதோடு சரி. நிலம் குத்தகையில் இருந்தது. அந்தப் போகம் முடியும்வரை வயலிலும் உங்களுக்கு வேலையில்லை. காலையில் போய் வரப்பில் நின்றுவிட்டு வருவீர்கள்.

அந்தக் கார் உங்கள் பெட்டியில் போர்வைக்குள் சுற்றி இருந்தது. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம். பொம்மை என்று நினைத்துப் பாப்பா கையை நீட்டினாள். "இது பொம்மையில்ல கண்ணு, ரேஸ் கார்" என்றீர்கள். அங்கே வெள்ளிக்கிழமைதோறும் பத்துப் பதினைந்து பேர் கூடி ஓட்டுவார்கள் என்றும், பழைய கார் ஒன்றை வாங்கி நீங்களும் நான்கு வருடமாக ஓட்டினீர்கள் என்றும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"வெள்ளிக்கிழமை என்ன பண்ணீங்கன்னு கேக்கும்போதெல்லாம் தூங்கினேன்னு சொன்னீங்களே."

"சொன்னா நீ என்ன நெனைப்பியோன்னு இருந்துச்சு."

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த ஊரில் உங்களுக்குச் சந்தோஷமாக ஏதோ ஒன்று இருந்திருக்கிறது என்று ஆறுதலாகத்தான் இருந்தது.

ஊர்க் கோடியில் இருக்கும் ரைஸ் மில்லில், அவித்த நெல்லைக் காயப்போடுவதற்கு ஒரு பெரிய சிமெண்ட் களம் உண்டு. டிரையர் வைத்த பிறகு அறுப்புக் காலம் தவிர மற்ற நாட்களில் அது சும்மாதான் கிடந்தது. மில்காரரிடம் கேட்டுவிட்டு அங்கே காரை ஓட்டிப் பார்த்தீர்கள். நானும் பாப்பாவும் சுவரோரம் நின்றோம். களத்துக்குக் குறுக்கே பாத்தி கட்டியது போல சிமெண்ட் இணைப்புகள், நடுநடுவே வெடிப்பு. ஒவ்வொரு இணைப்பிலும் கார் தவளை மாதிரி எம்பியது. வளைவில் ஒரு பக்கச் சக்கரங்கள் தூக்கிக்கொண்டு கவிழ்ந்தது. மூன்றாவது முறை கவிழ்ந்ததும் எடுத்துப் போர்வையில் சுற்றிவிட்டீர்கள்.

"இந்தத் தரைக்கு இது ஆகாது. ஊருக்குக் கொண்டாந்ததே தப்பு."

உங்கள் முகத்தைப் பார்த்தால் காரைப் பற்றி மட்டும் சொன்னதாகத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் நானாகத்தான், "ஒருதடவ கழட்டிக் காட்டுங்களேன்" என்று கேட்டேன். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள் என்பதை நானே மறந்திருந்தேன். ரிசல்ட் வந்த மாதமே கல்யாணம். அதற்குப் பிறகு நான் கழற்றி மாட்டியதெல்லாம் மிக்ஸியும் குக்கரும்தான்.

மேல்மூடியை எடுத்தால் உள்ளே கருப்பு கார்பன் தகடுகள் இரண்டு. கீழே அகலமாக ஒன்று, மேலே ஒடுக்கமாக ஒன்று, நடுவே ஸ்க்ரூக்கள். அதுதான் சேஸ் என்றீர்கள். முன்னும் பின்னும் பிடித்து முறுக்கிப் பார்த்தேன். கொஞ்சமும் அசையவில்லை.

"கட்டை மாதிரி இருக்கே மாமா. தரை மேடு பள்ளமா இருந்தா நாலு சக்கரமும் உக்கார, உடம்பு கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கணும்ல?"

"ரேஸ் கார் வளையக் கூடாது. வளைஞ்சா சொன்ன பேச்சு கேக்காது."

"அங்க தரை எப்படி இருக்கும்?"

"கண்ணாடி மாதிரி."

சொல்லிவிட்டு நீங்களே ஸ்க்ரூ திருகும் அலன் கீயை எடுத்து நீட்டினீர்கள். மேல்தகட்டின் நடுவில் இருந்த இரண்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். மறுபடி முறுக்கிப் பார்த்தபோது நூலளவு அசைந்தது. மென்மையான ஸ்பிரிங் மாட்டினோம். அதிர்வைத் தாங்கும் ஷாக்கில் இருந்த கெட்டியான ஆயிலைக் கொட்டிவிட்டு இலகுவான ஆயில் நிரப்பினோம். மறுநாள் களத்தில் அதே இணைப்புகள் மேல் கார் படிந்து ஓடியது. நீங்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தீர்கள். ஊருக்கு வந்த பிறகு நீங்கள் பல் தெரியச் சிரித்தது அன்றுதான்.

அப்புறம் நீங்களும் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். காரைச் சமதளமான கண்ணாடிப் பலகையில் வைத்து, முன்பக்கத்தின் நட்ட நடுவில் கத்தி முனையைக் கொடுத்து மெல்லத் தூக்க வேண்டும். இரண்டு முன் சக்கரமும் ஒரே நேரத்தில் எழுந்தால் சேஸில் முறுக்கு இல்லை. ஒன்று முந்திக்கொண்டால் எங்கோ ஒரு ஸ்க்ரூ தப்பாக இறுகியிருக்கிறது. தேங்காய் கீறும் கத்தியை நான் இதற்கென்றே ஒதுக்கிவிட்டேன். அத்தைக்கு வேறு கத்தி வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அமீர் அண்ணன் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு. அதிராம்பட்டினத்தில் மொபைல் கடை வைத்திருந்தார். அவரும் துபாயிலிருந்து ஒரு காரோடு திரும்பியவர். அவர் மூலமாகக் கும்பகோணத்திலிருந்து இரண்டு பேர், திருவாரூரிலிருந்து ஒருவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மணல் நிரப்பிய யூரியா சாக்குகளை வரிசையாக வைத்து ஓடுபாதை அமைப்போம். மில்லின் டிராக்டர் டிரெய்லர்மேல் ஏறி நின்று எல்லாரும் ஓட்டுவீர்கள். கீழே டூல் பாக்ஸோடு நான். கார் என்ன செய்கிறது என்று நீங்கள் சொல்வீர்கள், எதைத் திருப்ப வேண்டும் என்று நான் பார்ப்பேன். "மாப்ள, உனக்கு ரெண்டு பேரு ஓட்டுறாங்கடா" என்று அமீர் அண்ணன் கேலி பேசுவார். பத்து மாதம் அப்படிப் போயிற்று. நாம் புருஷன் பெண்டாட்டி ஆனது அந்தப் பத்து மாதத்தில்தான் என்று எனக்குத் தோன்றும்.

தை அறுப்பு முடிந்து களம் காலியானதும் மாசியில் மறுபடி தொடங்கினோம். இரண்டாவது ஞாயிறு டிரெய்லரிலிருந்து இறங்கி வந்து, "முன்பக்கம் திரும்ப மாட்டேங்குது செல்வி. வளைவுல வெளிய ஓடுது" என்றீர்கள்.

முன் ஸ்பிரிங்கை இன்னும் மென்மையாக்கினேன். அடுத்த வாரமும் அதையே சொன்னீர்கள். முன் ஷாக்கின் ஆயிலை மாற்றினேன். மேல்தகட்டின் முன்பக்க ஸ்க்ரூவில் இன்னொன்றை எடுத்தேன். சக்கரத்தின் சாய்வைக் கூட்டினேன். ஒரு வாரம் "பரவால்ல" என்பீர்கள், மறு வாரம் பழையபடி ஆகும். பாப்பாவின் பழைய நோட்டில் ஒவ்வொரு மாற்றத்தையும் எழுதிக்கொண்டே வந்தேன். ஆறு வாரத்தில் நான்கு பக்கம் நிறைந்தது.

அந்த நோட்டில் எழுதாத சிலவும் அந்த ஆறு வாரத்தில் நடந்தன. காபி டம்ளர் இரண்டு முறை உங்கள் கையிலிருந்து நழுவியது. சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போடாமல் கிளம்பினீர்கள், கேட்டால் வெயில் என்றீர்கள். பைக் சாவியைத் திருப்ப இடது கையும் துணைக்குப் போனது. சோறு பிசையும்போது கட்டைவிரல் மடங்காமல் தனியே நின்றது. ஒரு நாள் நீங்கள் படுத்திருக்கும்போது பார்த்தேன், வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது.

"கை வலிக்குதா மாமா?"

"இல்லையே."

பொய் இல்லை, வலிக்கவே இல்லை உங்களுக்கு. வலித்திருந்தால் அந்த வாரமே டாக்டரிடம் போயிருப்போம்.

பங்குனியில் ஒரு மத்தியானம், பாப்பாவின் பள்ளிக்கூடத்தில் ஏதோ கூட்டம் என்று நீங்கள் போயிருந்தீர்கள். நான் காரையும் ரிமோட்டையும் எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனேன். அதற்கு முன் நான் நாலைந்து முறைக்கு மேல் ஓட்டியதில்லை. முதல் வளைவில் ரிமோட்டின் பக்கவாட்டில் ஸ்டியரிங்காக இருக்கும் சின்னச் சக்கரத்தை லேசாகத்தான் திருப்பினேன். கார் மூக்கை உள்ளே குத்திப் பின்பக்கம் சுற்றிக்கொண்டு நின்றது. மறுபடி ஓட்டினேன், மறுபடி சுற்றியது. பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். ஆறு வாரமாக முன்பக்கத்துக்கே பிடிப்பைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். திரும்பாமல் எப்படி இருக்கும்?

வீட்டுக்கு வந்து காரைக் கண்ணாடிப் பலகையில் வைத்து, நடுவில் கத்தி முனையைக் கொடுத்தேன். ஒரு சக்கரமாவது முந்திக்கொண்டு எழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் மாமா. சேஸில் முறுக்கு இருந்துவிட்டால் போதும் என்றிருந்தது. இரண்டு சக்கரமும் ஒன்றாகவே எழுந்தன.

வண்டியில் தப்பு இல்லை. அப்படியானால் எங்கே என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் பாப்பாவோடு வீடு திரும்பியதும் உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. முன்பக்கத்தில் செய்த மாற்றங்களையெல்லாம் பிரித்து, போன வருடத்து நிலைக்குக் கொண்டுவந்தேன். பிறகு ரிமோட்டை எடுத்தேன். திருப்பிய சக்கரத்தைத் தானாக நடுவுக்கு இழுக்க உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அதன் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குட்டி ஸ்க்ரூ உண்டு. அதை மூன்று சுற்றுத் தளர்த்தினேன். குழந்தை விரலால் தொட்டால்கூடத் திரும்பும் அளவுக்கு இலகுவாகியது. கொஞ்சம் திருப்பினாலே காரின் சக்கரம் நிறையத் திரும்பும்படி ரிமோட்டின் செட்டிங்கையும் மாற்றி வைத்தேன்.

அந்த ஞாயிறு நீங்கள்தான் முதலில் வந்தீர்கள். கும்பகோணத்துக்காரரை ஒரு முழுச் சுற்று முந்தினீர்கள். இறங்கி வந்து, "என்ன பண்ணுன?" என்றீர்கள்.

"போன வருஷ செட்டப்புக்கே போயிட்டேன்."

"அப்ப அந்தப் புது ஸ்பிரிங்தான் தப்பு."

"ஆமா" என்றேன்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஐந்து மாதம் ஓட்டினேன். சித்திரையில் இன்னும் அரைச் சுற்று, ஆனியில் இன்னும் அரைச் சுற்று. உங்கள் கை எவ்வளவு போயிருக்கிறது என்பதை அந்த ஸ்க்ரூவை வைத்து நான் அளந்துகொண்டிருந்தேன் என்று இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது. நரம்புத் தளர்ச்சியாக இருக்கும் என்று சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். உங்கள் சட்டைகளுக்குப் பொத்தான் துளையைப் பெரிதாக்கித் தைத்தேன். சாவியைத் திருப்ப வேண்டாம் என்று கடைக்கு நானே ஸ்கூட்டியில் போய்வந்தேன்.

ஏன் செய்தேன் என்று கேட்டால், பத்து வருடம் கழித்து வந்த மனிதர் ஒரு இடத்திலாவது சிரிக்கிறார், அதைக் கெடுக்கக் கூடாது என்பேன். எனக்கே நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் அது முழு உண்மை இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. டாக்டரிடம் போனால் அவர் ஏதோ பெயர் சொல்வார், சொல்லிவிட்டால் அது நம் வீட்டுக்குள் வந்துவிடும். ஸ்க்ரூ என் கையில் இருக்கும்வரை எல்லாம் என் கையில் இருப்பதுபோல இருந்தது.

ஆவணியில், குறுவை அறுப்புக்குக் களம் போவதற்கு முந்தைய ஞாயிறு. அமீர் அண்ணனின் ரிமோட்டில் பேட்டரி தீர்ந்துவிட்டது. "உன்னோடத குடு மாப்ள, உன் வண்டியவே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்குறேன்" என்று உங்கள் கையிலிருந்து வாங்கினார். பாதி வளைவில் கார் சாக்கில் மோதியது.

"என்ன மாப்ள, ஸ்டியரிங்க இவ்ளோ லூசா வச்சிருக்க? பிடிக்கவே முடியல."

"நான் ஒன்னும் பண்ணலையே."

"ஸ்பிரிங்கே இல்லாத மாதிரி இருக்குடா."

நீங்கள் டிரெய்லர் மேலிருந்து என்னைப் பார்த்தீர்கள். நான் டூல் பாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அமீர் அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ரிமோட்டை உங்கள் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றீர்கள்.

"எப்பலேர்ந்து?"

"பங்குனியிலேர்ந்து."

"எனக்குக் கை போகுதுன்னு உனக்கு அப்பவே தெரியும்."

"தெரியாது மாமா. வண்டியில தப்பு இல்லன்னு மட்டும்தான் தெரியும்."

"ரெண்டும் ஒன்னுதானே?"

"உங்களுக்குத் தெரியலையா? சாவி திருப்ப முடியலையே, டம்ளர் நழுவுச்சே" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தெரிஞ்சுது. மாசியில எனக்குச் சந்தேகம் வந்துச்சு. அப்புறம் நீ செட்டப்ப மாத்தின உடனே வண்டி சரியாயிடுச்சு. அப்ப கையில ஒன்னும் இல்ல, வண்டிதான்னு நம்பிட்டேன். நீதான் நம்ப வச்ச."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னீர்கள். அத்தை உள்ளேயிருந்து, "என்னடா, சாப்பிட வரலையா?" என்றார். நீங்கள் உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தீர்கள், இடது கையில் ஸ்பூனோடு.

நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் ரிமோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, "பழையபடி டைட் பண்ணு" என்றீர்கள். பண்ணினேன். களத்தின் ஒரு பக்கம் நெல் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. மீதியிருந்த இடத்தில் நான்கு சாக்கை மட்டும் வைத்து ஓட்டினீர்கள். என்னைத் தவிர அங்கே மில் ஆட்கள்தான் இருந்தார்கள். முதல் சுற்றில் சக்கரத்தை முழுக்கத் திருப்ப விரல் போதவில்லை. உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தீர்கள். கார் நேராகப் போய்ச் சுவரில் மோதியது. எடுத்து வைத்தேன். மறுபடி மோதியது. ஐந்தாவது முறைக்குப் பிறகு, "போதும், நாளைக்கு டாக்டருகிட்ட போவோம்" என்றீர்கள். என் மேலிருந்த கோபம் அப்போது உங்கள் குரலில் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தஞ்சாவூர் டாக்டர் ஊசி குத்திச் செய்யும் நரம்புப் பரிசோதனைக்குச் சென்னைக்கு அனுப்பினார். தசையை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே போகும் நோய், நிறுத்த மருந்தில்லை, அறிவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும் என்றார்கள். நீங்கள் பாத்ரூமுக்குப் போனபோது டாக்டரிடம் தனியாகக் கேட்டேன்.

"அஞ்சு மாசம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா?"

"பெரிய வித்தியாசம் இருந்திருக்காதும்மா. மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த இரண்டு வருடம் உங்களைக் குளிப்பாட்டினேன், ஊட்டினேன், தூக்கி உட்கார வைத்தேன். வலது கை போயிற்று, இடது கை போயிற்று, பிறகு கால். காரை அமீர் அண்ணனிடம் கொடுக்கச் சொன்னீர்கள். அவர் வாங்க மாட்டேன் என்று அழுதார். "நிறுத்தி வச்சா ரப்பர் காஞ்சிடும்டா, எடுத்துட்டுப் போ" என்று நீங்கள்தான் அவரைத் தேற்றினீர்கள்.

இரண்டாம் வருடம் ஆனி மாதம் ஒரு சாயங்காலம் உங்களுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். பேச்சு குழறத் தொடங்கியிருந்தது, ஆனாலும் எனக்குப் புரியும். ரொம்ப நாளாக மனசில் இருந்ததை அன்று சொன்னேன்.

"முன்னாடியே வந்திருந்தாலும் பெருசா ஒன்னும் மாறியிருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு மாமா."

"வைத்தியத்த நான் சொல்லல செல்வி."

"பின்ன?"

கஞ்சியை விழுங்கிவிட்டு, நிறுத்தி நிறுத்திச் சொன்னீர்கள். "அந்த அஞ்சு மாசம் எனக்குக் கை இருந்துச்சு. இவ்ளோ நாள்தான் இருக்கும்னு தெரிஞ்சிருந்தா வேற ஏதாச்சும் பண்ணியிருப்பேன். கார் ஓட்டிக்கிட்டு இருந்திருக்க மாட்டேன்."

"என்ன பண்ணியிருப்பீங்க?"

பதில் சொல்ல வாயெடுத்தீர்கள். பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வீசிவிட்டு உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நீங்கள் அவளைப் பார்த்துச் சிரித்தீர்கள். பேச்சு அதோடு நின்றது.

அதற்குப் பிறகு நான்கு மாதம் உங்களுக்குப் பேச்சு இருந்தது. பேச்சு போன பின் அட்டையில் எழுத்துகளை எழுதி, நீங்கள் கண்ணால் காட்டக் காட்ட நான் கோர்த்துப் படித்தேன். தண்ணி, ஃபேன், திருப்பிப் படு, பாப்பா எங்கே. எல்லாம் அந்த அட்டையில் கேட்டீர்கள், சொன்னீர்கள். நானும் கேட்டிருக்கலாம். ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. நீங்கள் ஏதாவது பெரிதாகச் சொல்லிவிடுவீர்களோ என்று பயம். சின்னதாகச் சொல்லிவிட்டால் அதைவிடப் பயம். முதல் தடவை மறைத்ததற்காவது உங்கள் சிரிப்பைச் சாக்காகச் சொல்லலாம். இதற்கு அப்படி ஒன்றும் இல்லை.

இப்போதும் சில ஞாயிறுகளில் களத்துக்குப் போகிறேன். அமீர் அண்ணன் விடுவதில்லை. "செட்டப் பாக்க எங்களுக்கு யாரும்மா இருக்கா தங்கச்சி?" என்பார். யார் காரைக் கொண்டுவந்தாலும் முதலில் ரிமோட்டை வாங்கி நானே ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறேன். போன மாதம் புதிதாக வந்த ஒருவர் முன்பக்கம் திரும்பவில்லை என்றார். ஓட்டிப் பார்த்தேன். "வண்டியில ஒன்னும் இல்லைங்க. உங்க கையக் காட்டுங்க, விரல மடக்குங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போய் அன்றே கிளம்பிவிட்டார். பிறகு வரவில்லை. "அவருக்கு ஓட்டத் தெரியலம்மா, அவ்ளோதான். எல்லாரையும் அப்படிப் பாக்காத" என்று அமீர் அண்ணன் கடிந்துகொண்டார். மறைத்தும் தப்புச் செய்தேன், சொல்லியும் தப்புச் செய்கிறேன். அளவு எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நீங்கள் சொல்லாமல் போன பதிலை நானே தேடிக்கொண்டிருக்கிறேன். அரிவாளைப் பிடித்து ஒரு போகமாவது உங்கள் நிலத்தில் நீங்களே ஒரு கட்டு நெல் அறுத்திருப்பீர்களா? அத்தையின் காலைப் பிடித்துவிட்டிருப்பீர்களா? பாப்பாவுக்கு ஏதாவது எழுதி வைத்திருப்பீர்களா? ஒரு நாளைக்கு ஒன்று தோன்றுகிறது. எதுவும் பெரிய காரியம் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஒரு மாதத்தில் செய்து முடித்திருக்கலாம்.

நேற்றுக் காலை பாப்பாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். பதின்மூன்று வயதாகிவிட்டது அவளுக்கு. நீங்கள் ஒருநாள்கூட அவளுக்குப் பின்னிவிட்டதில்லை என்பது நினைவுக்கு வந்தது. அந்த விரல்களுக்கு ஒரு வாரத்தில் அது பழகியிருக்கும். என் கை நின்றுவிட்டது.

"என்னம்மா?" என்றாள்.

சொல்லிவிட்டேன் மாமா. கத்தி முனையிலிருந்து ஸ்க்ரூ வரைக்கும், நீங்கள் கஞ்சி குடித்துக்கொண்டு சொன்னது வரைக்கும். பின்னாத பாதித் தலையோடு திரும்பி உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள். பள்ளிக்கூட வேன் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. திட்டுவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த அஞ்சு மாசமும் அப்பா சந்தோஷமா இருந்தாங்களா?"

"இருந்தாங்க" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். டிரெய்லர் மேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஜெயித்ததும் கீழே நிற்கும் என்னைத் தேடி நீங்கள் சிரித்த ஒவ்வொரு சிரிப்பும் எனக்கு நினைவிருக்கிறது. அந்தச் சிரிப்பைத்தான் நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். அதை உங்களுக்குக் கொடுத்தேனா, உங்களிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டுதான் கொடுத்தேனா என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை.

செல்வி